படம் பார்த்துச் சொன்ன கதை

வார்த்தைகளை எழுதிப் பிழைக்கிறவன் படங்களுக்குப் பரிந்து பேசுவது கொஞ்சம் வேடிக்கையான காரியந்தான். தமிழ்நாட்டில் தொடர்கதை எழுதியவர்களுக்கெல்லாம் இந்த விஷயத்தில் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. இரவெல்லாம் கண் விழித்துப் பத்துப் பக்கம் எழுதியிருப்பார்கள். மறுநாள் எதிர்ப்படுகிற வாசகர், "இந்த வாரம் படம் பிரமாதம் சார்!" என்று சொல்லிவிட்டுப் போவார்.

வாசகர் மீது குற்றம் சொல்ல முடியாது. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னை வாரா வாரம் பிரித்தெடுத்துத் தைத்து வைத்த குடும்பங்கள் எத்தனையோ. அந்தக் கட்டைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினால் கை தானாகத் தேடிப் போவது மணியம் வரைந்த பக்கங்களைத்தான். 'தில்லானா மோகனாம்பாள்' என்றதும் கோபுலுவின் கோடுகள் கண்முன் வராத பழைய வாசகர் உண்டா? முதலில் படத்தைப் பார்த்து, 'அடடா, இவள் ஏன் அழுகிறாள்?' என்று கேட்டுக்கொண்டு, அதற்குப் பதில் தேடித்தானே நாம் எழுத்துக்குள் புகுந்தோம்?

பெரியவர்களான நமக்கு இது சரி. குழந்தை அதையே செய்தால் மட்டும் நமக்குப் பொறுப்பதில்லை. "படம் பார்த்தது போதும், படி!" என்று அதட்டுகிறோம். படம் பார்ப்பது வேறு, படிப்பது வேறு என்று எப்படியோ ஓர் எண்ணம் நம் மனத்தில் ஊறிவிட்டது.

இந்த எண்ணத்தை முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் மறுத்தார். மொராவியா நாட்டில் பிறந்து, மதப் போரில் நாட்டை இழந்து, ஊர் ஊராக அலைந்த கொமேனியஸ் என்ற பாதிரியார் அவர். 1658-ஆம் ஆண்டு ஜெர்மனியின் நூரெம்பர்க் நகரில் குழந்தைகளுக்காக ஒரு பாடப்புத்தகம் வெளியிட்டார். பாடத்துக்கு ஒரு படமாக, லத்தீனும் ஜெர்மனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, உலகத்துப் பொருள்களையெல்லாம் அதில் காட்டிவிட்டார். அதன் தொடக்கத்தில் அரிச்சுவடி இருக்கிறது. காக்கை கத்துகிறது, அது ஓர் எழுத்து. ஆட்டுக்குட்டி கத்துகிறது, அது இன்னோர் எழுத்து. நம்முடைய 'அணிலும் ஆடும்' அவருடைய காக்கைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் தூரத்து உறவு என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் அரிச்சுவடிப் படத்துக்கும் படக்கதைப் புத்தகத்தின் படத்துக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அரிச்சுவடியில் அணில் 'அ'வுக்குக் கைகட்டிச் சேவகம் செய்கிறது. எழுத்து மனத்தில் பதிந்ததும் அணிலுக்கு வேலை தீர்ந்தது. படக்கதைப் புத்தகத்தில் அப்படியல்ல. அங்கே அணில் எங்கேயோ ஓடுகிறது. ஏன் ஓடுகிறது, யாரைக் கண்டு ஓடுகிறது, அடுத்த பக்கத்தில் அகப்பட்டுக்கொள்ளுமா என்றெல்லாம் குழந்தை கேட்டாக வேண்டியிருக்கிறது. 'அ' என்ற எழுத்துக்கு ஒரே விடைதான். ஓடுகிற அணிலுக்கோ எத்தனையோ விடைகள்.

இந்த வேற்றுமையை நான் நேரில் கண்டது கம்பம் பள்ளத்தாக்கில்.

தேனியிலிருந்து தென்மேற்கே குமுளி செல்லும் சாலையில் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் ஒருமுறை போய்வர வேண்டும். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு பக்கம் மேற்கு மலைத்தொடர், மறுபக்கம் மேகமலை. நடுவே முல்லைப் பெரியாறு. 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையிலிருந்து மலையைக் குடைந்து வருகிற தண்ணீர் இது. இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைய அந்தத் தண்ணீர்தான் காரணம். நெல்லுக்கு அப்பால் தென்னை, வாழை, பன்னீர் திராட்சைப் பந்தல். கார் ஜன்னல் வழியாகப் பார்க்கிறவருக்கு இந்த ஊரில் கவலை என்று ஒன்று இருக்க முடியாது என்றே தோன்றும்.

ஆனால் விடியற்காலையில் அந்த ஊர்களின் சாலையோரத்தில் நின்று பார்க்க வேண்டும். இருட்டுப் பிரியுமுன் ஜீப்புகள் வந்து நிற்கின்றன. தூக்குச் சட்டியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். கம்பம் மெட்டு, குமுளி, போடி மெட்டு வழியாக மலை ஏறி, கேரளத்து ஏலத் தோட்டங்களில் பகலெல்லாம் வேலை செய்துவிட்டுப் பொழுது சாயும்போது திரும்புகிறார்கள். நம் வீட்டுப் பாயசத்தில் மிதக்கிற ஏலக்காயில் அவர்களுடைய தூக்கமும் கொஞ்சம் கலந்திருக்கிறது. ஒரு நாவலுக்காக இந்த ஜீப்புப் பயணத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் நான் அங்கே போனேன். நாலு நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் நிரம்பியது.

ஐந்தாம் நாள், அங்கே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் உறவுக்காரப் பெண், "எங்கள் வகுப்பை வந்து பாருங்கள், மாமா" என்று அழைத்தாள். சின்னப் பள்ளிக்கூடம். ஓர் அறையில் மூன்று வகுப்புகள். நான் மூலையில் உட்கார்ந்துகொண்டேன். "கதை எழுதுகிற தாத்தா" என்று அறிமுகம் நடந்தது. ஒரு பையன் என் கைகளை உற்றுப் பார்த்துவிட்டு, "கதை எங்கே?" என்று கேட்டான். வெறுங்கையோடு போயிருந்தேன்!

அவள் ஒரு படக்கதைப் புத்தகத்தை விரித்தாள். பக்கத்துக்கு ஒரு வரிதான் எழுத்து. அந்த வரியையும் ஓர் அட்டையால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டினாள். வீட்டுத் திண்ணை. ஓர் அம்மா, மகளை முன்னால் உட்கார வைத்துத் தலை பின்னுகிறாள். வானத்தில் மஞ்சள் வெளிச்சம்.

"இது காலையா, சாயங்காலமா?"

"காலை!" என்று பல குரல்கள். ஒரு சிறுமி மட்டும், "சாயங்காலம் டீச்சர்" என்றாள்.

இந்த இடத்தில் பெரும்பாலான வகுப்புகளில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். "தப்பு, உட்கார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்கள். இவள் போகவில்லை. "ஏம்மா, எதை வச்சுச் சொல்ற?" என்று கேட்டாள்.

"அம்மா வீட்டுல இருக்குல்ல டீச்சர்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது நியாயமான விடையாகவே பட்டது. அவர்கள் கண் விழிக்கும்போது அம்மாவின் ஜீப் மலைமேல் பாதி வழி போயிருக்கும். அப்பத்தா ஊற்றுகிற கஞ்சியைக் குடித்துவிட்டு, தலையைத் தாங்களே ஏதோ ஒரு விதமாய் முடிந்துகொண்டு பள்ளிக்கு வருகிறவர்கள். அம்மா தலை பின்னுவது என்றால் அது பொழுது சாய்ந்த பிறகுதான்.

ஆசிரியை பக்கத்தைத் திருப்பினாள். அங்கே பள்ளிக்கூட மணி, பிள்ளைகள் வரிசை. அந்தச் சிறுமி முன்னால் நகர்ந்து வந்து பார்த்தாள். முந்திய பக்கத்தைத் தானே திருப்பி இன்னொரு முறை பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அப்ப இவங்கம்மா ஜீப்புக்குப் போகல."

எண்ணிப் பாருங்கள். இரண்டு படங்களைச் சேர்த்துப் பார்த்து, முதலில் சொன்னதைத் தானே திருத்தி, புத்தகத்தில் எங்கும் எழுதியிராத ஒரு செய்தியைக் கண்டுபிடித்துவிட்டாள். நாவல் படிக்கிற நாம் இதைத்தானே செய்கிறோம்? ஆசிரியன் சொல்லாமல் விட்டதை நம் வாழ்க்கையைக் கொண்டு நிரப்புகிறோம். அடுத்த அத்தியாயம் வேறுவிதமாகச் சொன்னால் திருத்திக்கொள்கிறோம். இத்தனைக்கும் அந்தச் சிறுமி எழுத்துக் கூட்டி வாசிப்பதில் வகுப்பிலேயே பின்தங்கியவள் என்று பிறகு தெரிந்தது. எழுத்து இன்னும் கைவரவில்லையே தவிர, வாசிப்பு அவளுக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு இன்னும் பிடித்திருந்தது. அவள் சொன்ன வாக்கியத்தை அப்படியே கரும்பலகையில் எழுதினாள் ஆசிரியை: 'இவங்கம்மா ஜீப்புக்குப் போகல.' அதன் கீழே, 'இவள் அம்மா ஜீப்புக்குப் போகவில்லை.' மேலே இருப்பது நாம் பேசுவது, கீழே இருப்பது புத்தகம் பேசுவது என்று விளக்கினாள். 'போகல' என்பது 'போகவில்லை' ஆவதை விரலால் தொட்டுக் காட்டினாள். தமிழ்க் குழந்தைக்குப் பள்ளியில் இரண்டு பாரம். ஒன்று 247 எழுத்துகள். மற்றொன்று, வீட்டில் யாருமே பேசாத எழுத்துத் தமிழ். கம்பம் பள்ளத்தாக்கில் சில வீடுகளில் மூன்றாவது பாரமும் உண்டு. அங்கே அடுப்படியில் கன்னடமோ தெலுங்கோ ஒலிக்கும். படமோ எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் பொது. அதைப் பார்த்து முதலில் தன் பாஷையில் சொல்லலாம். பிறகு அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு புத்தகத் தமிழுக்குப் படியேறலாம். தான் சொன்னது கரும்பலகையில் எழுத்தாக நிற்பதைக் கண்டபோது அந்தச் சிறுமி நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். முதல் கதை அச்சில் வந்த நாளன்று எந்த எழுத்தாளனும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பான்.

ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு இன்னும் என்னவெல்லாம் செய்யலாம் என்று மத்தியானம் கேட்டேன். விரலை மடக்கிக்கொண்டே சொன்னாள். அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் நிறுத்தி, என்ன வரும் என்று ஊகிக்கச் சொல்வது. பக்கங்களைத் துண்டுத் தாள்களில் வரைந்து கலைத்துவிட்டு, வரிசைப்படுத்தச் சொல்வது. படத்திலுள்ள ஆடுகளையும் குடங்களையும் எண்ணிக் கூட்டல் கழித்தல் போடுவது. கதையில் வருகிறவர்களாக ஆளுக்கொரு வேஷம் போட்டு நடிப்பது. வாயைத் திறந்திருக்கும் பாத்திரம் என்ன பேசுகிறது என்று எழுதுவது. கடைசியில், பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் தாங்களே ஒரு புத்தகம் செய்வது.

"இத்தனையும் ஒரே புத்தகத்துக்கா?" என்றேன்.

"ஐயோ, வேண்டாம் மாமா! ஒரு புத்தகத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. முதல் நாள் ஒன்றுமே கிடையாது. சும்மா படிப்போம், அவ்வளவுதான். கேள்வி கேட்டால் மறுபடி அந்தப் புத்தகத்தைத் தொடமாட்டார்கள்."

இந்த ஒரு வாக்கியத்துக்காக அவளுக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம் என்று தோன்றியது. கதையைச் சொல்லி வாயை மூடுமுன் "இதனால் அறியும் நீதி யாது?" என்று கேட்டே எத்தனை தலைமுறைப் பிள்ளைகளைக் கதையை விட்டு ஓட்டியிருக்கிறோம்! படக்கதைப் புத்தகத்தையும் பயிற்சி ஏடாக மாற்றிவிட்டால் அதற்கும் அதே கதிதான்.

பழைய உபாத்தியாயர் ஒருவர், என் நண்பர், இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "படத்தைப் பார்த்தே கதை தெரிந்துவிட்டால் எவன் எழுத்துக் கற்றுக்கொள்வான்? நாங்கள் மணலில் விரல் தேய எழுதிப் படித்தவர்கள்" என்றார். அவர் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. படம் பார்ப்பதால் மட்டும் எழுத்து வந்துவிடாது. 'க'வுக்கும் 'கா'வுக்கும் 'கி'க்கும் உள்ள வேற்றுமையை நாள்தோறும் சொல்லிக் கொடுத்து, எழுதவும் வாசிக்கவும் பழக்கித்தான் ஆக வேண்டும். அந்த ஆசிரியையும் காலையில் ஒரு மணி நேரம் அதைத்தான் செய்கிறாள். ஆனால் எழுத்து தெரிந்தும் புத்தகத்தைத் தொடாத பட்டதாரிகளை நான் நிறைய அறிவேன். அவர்களுக்கு விரல் தேய்ந்தது, ஆசை முளைக்கவில்லை. இரண்டும் வேண்டும் என்றேன். நண்பர் அரை மனத்தோடு ஒப்புக்கொண்டார்.

நம் ராஜ்யத்தில் இந்த வழி இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியில் உருவான அட்டைகளைக் கண்டு, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-ல் அது தமிழ்நாடு முழுவதும் பரவியது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கரும்பலகை அவர்கள் உயரத்துக்கு இறங்கி வந்தது. அவர்கள் வரைந்த படங்களைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல் கட்டப்பட்டது. கொள்ளை நோய்க் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகள் எழுத்தை மறந்தபோது, 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலை அறிந்து கற்பிக்கும் முறை அது. 2023-ல் 'வாசிப்பு இயக்கம்' என்ற பெயரில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் பள்ளிகளுக்குப் போயின. அவற்றின் படிகளுக்கு நுழை, நட, ஓடு, பற என்று பெயர் வைத்தவர் யாரோ, நல்ல ரசிகர்!

புத்தகத்துக்கும் பஞ்சம் என்று சொல்ல முடியாது. 1957-ல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட்டின் மலிவு விலைப் புத்தகங்கள், ஒரு காலத்தில் மாஸ்கோவிலிருந்து வழவழப்பான தாளில் வந்த ருஷ்யக் கதைகள், 1990-களில் சென்னையில் பிறந்த தாரா, தூளிகா பதிப்பகங்கள், 2015 முதல் பிரதம் புக்ஸ் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைத்த ஸ்டோரிவீவர் என்று வரிசை நீளுகிறது.

பிறகு எதற்குப் பஞ்சம்? அலமாரிச் சாவிக்குத்தான். பள்ளத்தாக்கில் நான் பார்த்த இன்னொரு பள்ளியில் புத்தகங்கள் இருந்தன. கண்ணாடிக் கதவுக்குள், பிரித்த சுவடே இல்லாமல், புது மணம் மாறாமல் இருந்தன. இருப்புப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கை குறைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்று அஞ்சுகிற மனிதர் வேறு என்ன செய்வார்? கிழிந்த புத்தகத்தைக் 'கிழிந்தது' என்று ஒரு வரியில் கணக்கு எழுதிக்கொள்ள மேலே இருப்பவர்கள் மனம் வைத்தால் அலமாரிகள் திறந்துகொள்ளும். என் உறவுக்காரப் பெண்ணின் வகுப்பிலோ புத்தகங்கள் கயிற்றில் தொங்கின. மூலைகள் மடங்கி, சோற்றுப் பசையால் ஒட்டப்பட்டு, ஒரு புலிக்கு மீசை கூடுதலாக முளைத்திருந்தது. "கிழிந்தால் கிழியட்டும், மாமா. ஒட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்" என்றாள்.

மாலையில் பிள்ளைகள் 'எங்க வீட்டுக் காலை' என்று தாங்கள் செய்த புத்தகங்களைக் காட்டினார்கள். ஒருவன் சேவலில் தொடங்கியிருந்தான். ஒருத்தி கோலத்தில். தலை பின்னும் படத்துக்குச் சாயங்காலம் என்று சொன்ன சிறுமியின் புத்தகத்தை வாங்கிப் பிரித்தேன். முதல் பக்கம் முழுவதும் கறுப்பு. மெழுகுக் கட்டி தேய்ந்து தீரும் வரை அழுத்தி அழுத்தித் தீட்டியிருந்தாள். நடுவில் மட்டும் இரண்டு மஞ்சள் வட்டங்கள். கீழே எழுத்து எதுவும் இல்லை.

"இது என்னம்மா?" என்று கேட்டேன்.

"ஜீப்பு லைட்டு, தாத்தா. அம்மா போகுது."

"நீ தூங்கிக்கிட்டு இருப்பியே. எப்படிப் பார்த்தே?"

"தூங்குற மாதிரி படுத்திருப்பேன்."

நான் புத்தகத்தை மூடிக் கொடுத்தேன். நாலு நாள் சாலையோரத்தில் நின்று நான் எழுதிய குறிப்புகளில் ஜீப்பின் விலை இருந்தது, கூலிக் கணக்கு இருந்தது, மெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகள் இருந்தன. வீட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருக்கும் ஒரு குழந்தையை எனக்குச் சொல்ல அந்தப் பக்கந்தான் வேண்டியிருந்தது. ஆசிரியைக்கும் அது அன்றுதான் தெரிந்ததாம். "இவள் காலையில் வகுப்பில் ஏன் கண் சொக்குகிறாள் என்று இத்தனை நாள் விளங்கவில்லை, மாமா" என்றாள். அடுத்த வாரத்திலிருந்து அந்தச் சிறுமியைக் காலை முதல் மணியில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வதில்லை என்றும், மத்தியானத்தில் தன் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுப்பதாகவும் பிறகு கடிதம் எழுதியிருந்தாள். படம் பார்த்துப் பேசும் வகுப்பினால் என்ன லாபம் என்று கணக்குக் கேட்பவர்களுக்கு இதையும் ஒரு வரவாக எழுதிக்கொள்ளச் சொல்வேன்.

இந்தப் பக்கங்களைப் படிக்கிற நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். பேரனுக்கோ மகளுக்கோ பிறந்தநாள் வரும்போது ஒரு படக்கதைப் புத்தகம் வாங்குங்கள். வாங்கும்போது இரண்டாக வாங்கி, ஒன்றைப் பக்கத்திலுள்ள அரசுப் பள்ளிக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது, "கிழிந்தால் பரவாயில்லை" என்று தலைமை ஆசிரியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த வார்த்தைதான் புத்தகத்தைவிட அவசியம். நேரம் இருந்தால் உட்கார்ந்து, ஒரு குழந்தை படம் பார்த்துச் சொல்லும் கதையைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

இதில் என் சுயநலமும் இருக்கிறது, மறைப்பானேன்? இன்னும் பதினைந்து வருஷத்தில் நாவல் படிக்கப் போகிறவர்கள் இன்று அந்தத் தரையில்தான் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிக்கிற வாசகி ஒருத்தி அங்கே தயாராகிக்கொண்டிருக்கிறாள். அவள் கையில் கொடுக்கத் தகுந்த ஒரு நாவலை அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். ஜீப்பைப் பற்றிய அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறேன்.